உன் இடதா, என் இடதா

கிடங்கில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த சூப்பர்வைசரும் அப்படித்தான். "தலை நரைச்ச தம்பி கூப்பிடுறாரு, என்னன்னு கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவரிடம் போவாள். பெல்ட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் சிரிப்பு எழும். அதற்கு மேல் அவள் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. பார்சல் கிடங்கில் கண்ணுக்கும் தோளுக்கும்தான் வேலை. வாய்க்கு விடுமுறை.

வேலை இதுதான். விடிவதற்குள் பெரிய லாரிகள் கொண்டுவந்து கொட்டுகிற பார்சல்கள் பெல்ட்டில் ஓடி வரும். பெல்ட்டை ஒட்டி டெலிவரி வண்டிகள் பின்கதவைத் திறந்துபோட்டு நிற்கும். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஓர் ஆள். அந்த ஆள் டிரைவர் இருக்கைக்கு முதுகைக் காட்டி, பின்கதவைப் பார்த்து நின்றபடி, வருகிற பெட்டிகளை வாங்கி இரண்டு பக்கச் சுவர்களிலும் உள்ள தட்டுகளில் தெரு வரிசைப்படி அடுக்க வேண்டும். டிரைவர் வந்ததும் எது எந்தப் பக்கம், எந்தத் தட்டில் என்று ஒப்பிக்க வேண்டும்.

பின்கதவைப் பார்த்து நிற்பவர்களுக்கு இடது கைப்பக்கம் இருக்கிற சுவர் இடது. முன்கண்ணாடியைப் பார்த்து உட்காரும் டிரைவருக்கு அதே சுவர் வலது. யாரும் கூடிப் பேசி ஏற்படுத்திய வழக்கமில்லை. ஏற்றுகிறவர்களின் பேச்சு கிடங்கின் பேச்சாகிவிட்டது, அவ்வளவுதான். புதிதாக வரும் டிரைவர்கள் கொஞ்ச நாள் தவறான தட்டைத் துழாவி, நாலு வசவு வைதுவிட்டு, பிறகு பழகிக்கொள்வார்கள்.

அக்காவின் கணவர் மட்டும் கடைசிவரை பழகவில்லை, அல்லது பழகாதவர் மாதிரி நடித்தார். அவரும் அந்தக் கம்பெனியின் டிரைவர்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அடுக்கிய வண்டியைத்தான் ஓட்டினார். தினமும் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கேட்பார், "உன் இடதா, என் இடதா?" என்று. ஆரம்பத்தில் அவள் வெட்கத்தோடு கையைக் காட்டினாள். அப்புறம் துணிச்சல் வந்துவிட்டது. "என் இடதுதான். உங்களுக்குன்னு தனியா ஒரு இடது எதுக்கு?" என்றாள் ஒருநாள். அந்த வாரமே அவர் தன் தங்கையை அனுப்பிப் பெண் கேட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு கேள்வியும் கூடவே குடித்தனம் வந்தது. கத்தரிக்கோல் அலமாரியில் இடது பக்கம் இருக்கிறது என்றால், உன் இடதா என் இடதா. கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் படுங்கள் என்றால், உன் இடதா என் இடதா. பிள்ளைகள் இல்லாத வீடு. இப்படி ஒரு பைத்தியக்காரப் பேச்சு அங்கே வளர்ந்து ஆளாகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். சாலையில் அல்ல, ஆஸ்பத்திரிக் கட்டிலில், ரத்தத்தில் வந்த ஒரு நோயால். துக்கம் கழிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது அந்த வண்டிக்கு வேறு டிரைவர் வந்திருந்தார். எதற்கெடுத்தாலும் வெடிப்பவர் என்பதால் அவருக்குக் கடுகு என்று பெயர். கடுகு கிடங்கின் இடதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒப்பித்ததைக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் எல்லோரையும் பெல்ட்டைச் சுற்றி நிற்கவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். கிடங்கு ஊருக்கு வெளியே எங்கோ மாறுகிறது. அங்கே அடுக்குவதற்கு இயந்திரம் வருகிறது. ஏற்றுகிற ஆட்களுக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. டிரைவர்கள் மட்டும் இருப்பார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் வேண்டுமானால் கம்பெனியின் டிரைவர் பள்ளிக்குப் பெயர் கொடுக்கலாம்.

அக்காவிடம் லைசென்ஸ் இருந்தது. கணவர் நச்சரித்து எடுக்கவைத்தது. தலைமுடி பாதி வெளுத்த பிறகு, பார்சல் அடுக்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருத்திக்கு வெளியே யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? அவள் பெயர் கொடுத்தாள்.

அந்தப் பள்ளியைப் பற்றிக் கிடங்கில் நிறையக் கதைகள் உலவின. வேறு ஊரில், ஒரு வாரம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. பாதுகாப்பு விதிகளை ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்க வேண்டும். பிறகு, பார்ப்பதையும் செய்வதையும் வாயால் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். வாய் பிசகினால் அன்றைக்கே பெட்டியோடு பஸ் ஏற்றிவிடுவார்கள். போன தடவை போன ஒட்டகம் இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டான். நெட்டையாக, கழுத்தை நீட்டிக்கொண்டு நடக்கும் பையன் என்பதால் அந்தப் பெயர்; அவனும் ஏற்றுகிற ஆள்தான். "நடுவுல ஒரு 'உம்' விட்டேங்க்கா. அந்த 'உம்' எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பான்.

பள்ளிக்கு அனுப்பும் முன் இங்கேயே ஒருவர் ஓட்டிப் பார்க்கச் சொல்லித் தேர்ந்தெடுப்பார். தேறவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் பஸ்கூடக் கிடையாது. எதையும் அச்சுப் பிசகாமல் எதிர்பார்ப்பவர் ஆதலால் அவருக்கு அச்சு என்று பெயர். அக்காவைவிடச் சின்னவர். குரலை உயர்த்த மாட்டார். பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தவறு ஒன்றுக்கு ஒரு விரலை மடக்குவார். மூன்றாவது விரல் மடங்கினால் வண்டியைத் திருப்பச் சொல்வார்.

விதிகளை ஒப்பிப்பது அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெருத்தெருவாகக் கதவு எண்களை மனசில் வைத்திருந்தவளுக்கு ஒரு சின்னப் புத்தகம் எம்மாத்திரம்? பயந்ததெல்லாம் வாயைத் திறந்துகொண்டு ஓட்ட வேண்டுமே என்றுதான். அந்தப் பயமும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. முன்னால் பஸ் நிற்கிறது, ஆள் இறங்கலாம், வேகம் குறைக்கிறேன் என்று சொல்லச் சொல்ல நாக்கு நன்றாகவே புரண்டது. முதல் திருப்பத்தில் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். "இடது கண்ணாடி பார்க்கிறேன்" என்றாள்.

அச்சுவின் விரல் மடங்கியது.

அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் பார்த்து வலது என்றாள். அதற்கடுத்த திருப்பம் வருவதற்குள் மூன்றாவது விரலும் மடங்கிவிட்டது.

திரும்பி வந்து நிறுத்திய பிறகு அவர் சாந்தமாகச் சொன்னார்: "கண்ணு சரியான பக்கம் போகுது அக்கா. வாய்தான் எதிர்ப்பக்கம் போகுது. கண்ணை நான் பாக்குறேன். அங்க இருக்கிறவங்க காதை மட்டும்தான் தீட்டி வச்சிருப்பாங்க."

டிரைவர் பக்கம், நடைபாதைப் பக்கம் என்று சொல்லலாமா என்று அவள் கேட்டாள். பாடத்தில் அப்படி இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்குமேல் தன் கையில் இல்லை என்றார்.

வீட்டில் அவளோடு இருந்தது நாத்தனார் ஒருத்திதான். பெண் கேட்டு வந்த அதே தங்கை. ஜெராக்ஸ் கடையில் வேலை. மற்றவர்களின் எழுத்துப்பிழைகளைப் பார்த்துப் பார்த்து, எதிலும் பிழை கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு வாய்த்திருந்தது. அண்ணன் போன பிறகு இருவருக்குள்ளும் பேச்சு குறைந்திருந்தது. சண்டை ஒன்றுமில்லை. அவரைத் தொடாமல் பேச இரண்டு பேருக்கும் விஷயம் போதவில்லை.

அன்று சாயங்காலம் நாத்தனார் சமையலறையில் நாற்காலியைப் போட்டு அண்ணியை உட்காரவைத்தாள். இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கண்ணாடிகளாக இரண்டு பக்கமும் நிறுத்தினாள். அடுப்பில் கிளறிக்கொண்டே திருப்பம் சொன்னாள். அக்கா ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"இங்க நல்லாத்தானே வருது அண்ணி?"

"இது நாற்காலி. நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நான் லோடு ஏத்தலையே."

கஷ்டம் அங்கேதான் இருந்தது. கையில் எது இடது என்று அவளுக்குத் தெரியும். தெருவில் நடக்கும்போது தெரியும். வண்டிக்குள் ஏறினால் மட்டும் சுவர்கள் தங்கள் பழைய பெயரைச் சொல்லின. பார்க்க வேண்டும், பெயர் வரும், அதைத் திருப்பிப்போட வேண்டும், பிறகு சொல்ல வேண்டும். நின்றுகொண்டிருந்தால் செய்துவிடலாம். ஓடுகிற வண்டியில் திருப்பிப்போடுவதற்குள் திருப்பம் போய்விடுகிறது. மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னான் ஒட்டகம். எழுதியதை அச்சு பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வரச் சொன்னார்.

சாயங்காலம் முழுக்கப் படித்ததை விடியற்காலை வேலை அழித்துவிட்டது. பெல்ட் ஓட ஆரம்பித்ததும் நாலா பக்கமும் "இடது, இடது" என்று கிடங்கின் இடதுதான். எரிகிற விளக்கை ஊதி ஊதி அணைக்கிற மாதிரி இருந்தது. வியாழக்கிழமை அவள் ஒரு முடிவெடுத்தாள். இனிமேல் ஏற்றும்போதும் வண்டியின் இடதைத்தான் இடது என்பது. கடுகிடமும் அப்படித்தான் ஒப்பிப்பது. அவர் வந்ததும், இன்றிலிருந்து இப்படி என்று சொன்னாள். அவருக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அப்பாடா, இப்பவாவது மனுசப் பாஷைக்கு வந்தீங்களே" என்று ஏறிப் போனார்.

மத்தியானம் அவர் திரும்பியபோது கிடங்கு அதிர்ந்தது. கொடுக்க முடியாத பெட்டிகள் வண்டியில் குவிந்து கிடந்தன. ஒப்பிக்கத் தொடங்கும்போது அவள் புதிய பேச்சில்தான் ஒப்பித்திருந்தாள். பாதியில், அவளுக்கே தெரியாமல், நாக்கு பழைய தடத்தில் இறங்கிவிட்டது. பாதி வண்டி அவருடைய இடது, பாதி வண்டி அவளுடைய இடது. நடு ரோட்டில் நின்று எல்லாத் தட்டையும் கவிழ்த்துத் தேடியதைக் கடுகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "எந்தப் பக்கம்னு தெரியாதவங்களை வண்டி ஓட்ட அனுப்பப் போறாங்களாம். ரோட்டுல போறவன் பாவம்" என்றார் கடைசியாக. மற்றதெல்லாம் காதோடு போயிற்று. அது மட்டும் உள்ளே இறங்கியது.

சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டார். இதை மேலே எழுதினால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றார். மேசைமேல் இருந்த எதையெதையோ நகர்த்தினார்.

"சனிக்கிழமை தேறிட்டீங்கன்னா இதை யாரும் கேக்க மாட்டாங்க. தேறலைன்னா நான் எழுதித்தான் ஆகணும். தப்பா நினைக்காதீங்க அக்கா."

தலை நரைத்த தம்பி என்ற கேலி அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வாய்க்குள்ள அது ஏன் அப்படி ஒட்டிக்கிட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"இத்தனை வருசப் பழக்கம்."

"ஒட்டகத்துக்கும்தான் பழக்கம். அவன் பள்ளிக்கூடத்துல இடது வலதுலயா மாட்டினான்?"

அவன் மாட்டியது ஒரு 'உம்'மில். அவன் வண்டியில் யாரும் காலைப் படியில் வைத்துக்கொண்டு அவனைக் கேள்வி கேட்டதில்லை. நாத்தனார் மடித்த துணியில் ஒரு சட்டையும் இருந்தது. இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கப்படாத, மாதம் ஒருமுறை துவைத்து மறுபடி உள்ளே வைக்கப்படுகிற சட்டை. அதை எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தாள். இடது தட்டா வலது தட்டா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலை முடிந்த பிறகு, நிறுத்தியிருந்த வண்டியில் அக்கா தனியாக ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். திரும்பிப் பின்னால் இருந்த தட்டுகளைப் பார்த்தாள். அங்கே நின்றுகொண்டு ஒருத்தி திரும்பி அவளையே பார்ப்பது போலிருந்தது. கணவருக்கு இங்கிருந்து தான் எப்படித் தெரிந்திருப்போம் என்று முதல் தடவையாக யோசித்தாள். எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே சுவருக்கு இரண்டு பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முன்பக்கம் திரும்பி, ஒலி வெளியே போகாமல், வலது, இடது, வலது என்று கண்ணாடிகளுக்குப் பெயர் சொன்னாள். பிறகு இறங்கி வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை அச்சு கடுகின் வண்டியைத்தான் எடுக்கச் சொன்னார். கடுகு சுவரில் சாய்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலைத் தாண்டி முதல் திருப்பம். "வலது கண்ணாடி பார்க்கிறேன். வழி இருக்கிறது. திரும்புகிறேன்." அச்சுவின் விரல்கள் அசையவில்லை. பள்ளிக்கூடம், சிக்னல், சாலையைக் கடக்கும் கைவண்டி. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. குறுக்குத் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கிருந்தோ உரசிக்கொண்டு முந்தியது. அவள் பிரேக்கைத் தொட்டாள். கால் சரியாக இருந்தது. "இடது பக்கம்" என்றாள். போனது வலது பக்கம்.

ஒரு விரல்.

அதன் பிறகு மார்க்கெட் வரைக்கும் மூச்சுவிடுவதையும் சேர்த்துச் சொல்வது போலச் சொன்னாள். மார்க்கெட் முனையில் தண்ணீர் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒதுங்கிப் போகும்போது, வார்த்தை சரியாக வருகிறதா என்று தன் வாயையே கவனித்தாள். அந்தக் கவனத்தில் வார்த்தை தடம் புரண்டது. சொன்னவுடனே தெரிந்துவிட்டது. திருத்திச் சொன்னாள். திருத்தினாலும் கணக்கு கணக்குதான்.

இரண்டு விரல்.

ஸ்டியரிங்கில் அவள் கை வழுக்கியது. ஒரு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அச்சு சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மடங்கிய இரண்டு விரல்களும் அவர் மடியில், ஏதோ கோழிக்குஞ்சைப் பொத்தி வைத்த மாதிரி, இருந்தன. திரும்பி வரும் வழி முழுக்க அவள் கேட்டது தன் குரலை மட்டும்தான். வலது. இடது. இடது. வலது. கிடங்கின் வாசல் வந்துவிட்டது.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பெல்ட்டை ஒட்டிய இடத்தில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். அவள் அஞ்சியதும் இதற்குத்தான். பின்னால் போகும்போது மனம் பின்கதவைப் பார்த்து நிற்கும். அங்கே அவளுடைய பழைய இடது காத்துக்கொண்டிருக்கும்.

"இரண்டு கண்ணாடியும் பார்க்கிறேன். பின்னால் எடுக்கிறேன்."

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பாதி தூரம் போயிருக்கும். பெல்ட் பக்கமிருந்து ஒட்டகத்தின் நீண்ட கழுத்து கண்ணாடியில் தெரிந்தது. கையை ஆட்டிக்கொண்டு கத்தினான்.

"இடது! அக்கா, இடது!"

கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. அவன் வண்டியைப் பார்த்தபடி நிற்கிறான். அவன் கையின் இடது என்றால் வண்டிக்கும் இடது. கிடங்கின் இடது என்றால் வண்டிக்கு வலது. இடதில் ஏதோ இருக்கிறது என்கிறானா, இடது பக்கம் ஒடிக்கச் சொல்கிறானா? வாய் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஸ்டியரிங் ஏதாவது ஒரு பக்கம் திரும்பியாக வேண்டும். ஒட்டகம் மறுபடி கத்தினான்.

அவள் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"சந்தேகம் இருக்கிறது. நிறுத்துகிறேன். இறங்கிப் பார்க்கிறேன்."

இது பாடத்தில் இருந்தது, எழுத்துக்கு எழுத்து. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். ஒரு கால் படியில் இருந்தது. அப்படியே பின்பக்கம் எட்டிப் பார்த்து ஒட்டகத்திடம் கேட்டாள்.

"உன் இடதா, என் இடதா?"

கேட்ட பிறகுதான் கேட்டது காதில் விழுந்தது. படியில் இருந்த கால் அங்கேயே நின்றுவிட்டது.

ஒட்டகம் திருதிருவென்று விழித்தான். "நம்ம இடதுக்கா" என்றான்.

அவள் இறங்கிப் பின்னால் போனாள். வண்டியின் வலது மூலைக்குக் கீழே, எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத உயரத்தில், இரும்புத் தள்ளுவண்டி ஒன்று யாரோ விட்டுப்போனது நின்றிருந்தது. இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் கதவு நசுங்கியிருக்கும். ஒட்டகம் அதை இழுத்து ஓரமாகப் போட்டான். "நம்மதுன்னு சொன்னேன்ல" என்று முணுமுணுத்தான். அவள் அவன் தோளில் தட்டிவிட்டு மறுபடி ஏறினாள். சுற்றிவந்து பார்த்தேன், வலது பக்கம் தடை இருந்தது, அகற்றியாயிற்று, பின்னால் எடுக்கிறேன் என்று சொல்லி, வண்டியைக் கோடு பிசகாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள்.

அச்சு தன் கையைப் பார்த்தார். மூன்றாவது விரல் பாதி வளைந்து நின்றிருந்தது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"கடைசியா அந்தப் பையன்கிட்ட ஒன்னு சொன்னீங்களே. அது பாடத்துல இல்லையே அக்கா?" என்று கேட்டார் அச்சு.

"இல்லைங்க."

"அப்புறம்?"

"அது வீட்டுப்பாடம்" என்றாள். முகத்தை வலது கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு அவள் கணவரைத் தெரியாது. அச்சு அந்தக் கிடங்குக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவள் பக்கம் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். பிறகு வளைந்த விரலை நிமிர்த்தினார். மடக்கிய இரண்டையும் பிரித்துக் கையை உதறிக்கொண்டார்.

"நிறுத்தினது சரி. இறங்கினது சரி. நீங்க கேட்டதை நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையம் வரை நாத்தனார் வந்தாள். பை அவள் தோளில் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலும் விரல் மடக்குவார்களா என்று கேட்டாள். அங்கே விரல் கிடையாது, நேராகப் பெட்டிதான் என்றாள் அக்கா. இன்னும் ஒரு வாரம். இரண்டாம் நாளே இதே பஸ்ஸில் இறங்கினாலும் இறங்கலாம்.

பஸ் கிளம்பத் தயாரானபோது நாத்தனார் பையைக் கொடுத்தாள்.

"இடது பக்கம் உக்காருங்க அண்ணி. அந்தப் பக்கம் வெயில் வராது."

சொன்னவள் வாயை மூடிக்கொண்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அக்காவின் உதடு அசைந்தது. பிறகு நாத்தனாரின் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டு ஏறினாள். பஸ்ஸின் இடது பக்கத்தில், ஜன்னலோரம், முன்னால் பார்த்து உட்கார்ந்தாள்.